ஜன்னல் கம்பியில் சுட்ட பன்றிக்கறி

1

மெல்பர்னுக்கு நாங்கள் குடிவந்து போன வெள்ளிக்கிழமையோடு பத்து வருஷம் முடிந்தது. கொண்டாடியே ஆகவேண்டும் என்றார் என் கணவர் மோகன். இந்த ஊரில் கொண்டாட்டம் என்றால் கொல்லைப்புறத்தில் நெருப்பு மூட்டி எதையாவது சுடுவது. நானும் முதல் நாளே எலும்போடு கூடிய பன்றிக்கறித் துண்டங்களை வாங்கி, சோயா சாஸும் இஞ்சியும் பூண்டும் மிளகும் போட்டு ஊற வைத்துவிட்டேன். காலையில் ரேடியோவைத் திருப்பினால், வெயில் நாற்பது டிகிரி, காற்று பலம், மாநிலம் முழுக்கத் தீத்தடை. வெட்டவெளியில் அடுப்பு மூட்டினால் அபராதம்.

விதிவிலக்கு ஏதாவது கிடைக்குமா என்று நகரசபைக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று பத்து நிமிஷம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மதச் சடங்கா?" என்று கேட்டாள்.

"இல்லை, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது."

"வாழ்த்துகள். ஆனால் அதற்குப் படிவம் இல்லை."

கறியை சமையலறை மின்சார அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுட்டேன். பள்ளிக்கூட மதியச் சாப்பாடு போல நல்ல பிள்ளையாக வெந்து வந்தது. மோகன் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். அவர் புத்திசாலி. எங்கள் மகள் நிலாவுக்கு இப்போது பதினைந்து வயது. ஒரு வாய் கடித்துவிட்டு, "மாமா மட்டும் இங்க இருந்தா உன்னை ஓட ஓட விரட்டியிருப்பார்" என்றாள்.

உண்மைதான். அந்த மாமாவைப் பற்றியும், மூன்று வருஷத்துக்கு முன் அடையாறு மொட்டை மாடியில் நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

மாமா என்றால் என் அண்ணன் தேவராஜ். என்னைவிட எட்டு வயது மூத்தவன். கோடம்பாக்கத்தில் சினிமா யூனிட்டுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர். இருநூறு பேருக்கு ஒரே அண்டாவில் பிரியாணி போட்டு, கடைசித் தட்டு வரை முதல் தட்டின் ருசியைக் காப்பாற்றுகிறவன் என்று பேர். வீடு மயிலாப்பூரில், குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்து. அவன் இருந்ததால் அந்த வீட்டில் என்னை அடுப்புப் பக்கம் யாரும் விட்டதில்லை. வெந்நீர் போடச் சொன்னால் தண்ணீர் முழுக்க வற்றி, பாத்திரம் சிவக்கும் வரை கதைப்புத்தகம் படித்தவள் நான். "வெந்நீரையே தீய வெச்ச பொண்ணு" என்றுதான் என்னை மாப்பிள்ளை வீட்டாருக்கே அறிமுகப்படுத்தினான்.

அப்படிப்பட்டவள் கறி சுடக் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டு பாட்ரிக்கின் புண்ணியம். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் பீரும் கையுமாக அடுப்பைச் சுற்றி நின்று கறியை முறைத்துப் பார்ப்பார்கள். பெண்கள் உள்ளே இலை தழைகளை நறுக்குவார்கள். மோகன் முதல் தடவை நின்றபோதே புகை கண்ணில் பட்டு, இலை தழைக் கட்சிக்கு ஓடிவிட்டார். காலியான இடத்தில் நான் போய் நின்றேன். பாட்ரிக் இரண்டே விஷயங்கள்தான் சொல்லிக்கொடுத்தார். கறியைக் குத்திக்கொண்டே இருக்காதே, சாறு போய்விடும். இனிப்புச் சாற்றைக் கடைசி ஐந்து நிமிஷத்தில் தடவு, முன்னாலேயே தடவினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

இதை நான் பெருமையாக எழுதியது அண்ணி வசந்தாவுக்கு. அண்ணனுக்கு எழுத முடியாது. அவன் என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

காரணம், அம்மா. அம்மா அண்ணனோடுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அண்ணி எழுதிய கடிதம் வந்தபோது எங்கள் பாஸ்போர்ட்டுகள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பத்தோடு குடியேற்ற அலுவலகத்தில் இருந்தன. கடிதம் வந்த மூன்றாம் நாள், தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணன் அழைத்தான். எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "ஏண்ணா முன்னாடியே போன் பண்ணல?" என்று அழுதேன். "பண்ணா மட்டும் வந்துடுவியா?" என்றான். பாஸ்போர்ட் கையில் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதோடு வைத்துவிட்டான்.

பாஸ்போர்ட் மாட்டிக்கொண்டதால் போக முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள்.

3

மெட்ராஸ் சென்னையான வருஷம் நானும் நிலாவும் மட்டும் ஊருக்குப் புறப்பட்டோம். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குள் ஆஸ்திரேலியப் பிரஜைகள் ஆகிவிட்டதால் இந்திய விசா தேவைப்பட்டது. படிவத்தில் நான் பிறந்த ஊர் மெட்ராஸ், போகும் ஊர் சென்னை என்று நிரப்பியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த இளைஞர், "பிறந்த ஊருக்கும் போவீர்களா, சென்னை மட்டும்தானா?" என்று அக்கறையாகக் கேட்டார். இரண்டுக்கும் போவேன் என்றேன். குறித்துக்கொண்டார்.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியிலிருந்து கறி திருப்பும் நீள இடுக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாட்ரிக் கொடுத்தனுப்பியது.

"டாக்டரா மேடம்?"

"இல்ல சார். சமையலுக்கு."

"ஆஸ்திரேலியாவுல கையால சமைக்க மாட்டாங்களா?" என்று சுண்ணாம்புக் கோடு போட்டு அனுப்பினார்.

மோகனின் நண்பர் ஒருவரின் அடையாறு வீடு காலியாக இருந்தது. அங்கே தங்கினோம். மறுநாள் மயிலாப்பூர் போனோம். அண்ணன் வாசலில் நின்றிருந்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்து, "வா" என்றான். மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. அதற்குப் பிறகு நிலாவிடமே பேசினான். அவள் பதிலுக்கு, "நீங்க எப்படி இருக்கு, மாமா?" என்றாள். "நான் நல்லா இருக்கு" என்று அவனும் முகம் மாறாமல் சொன்னான்.

மதியம் மீன் குழம்பு. ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. மாஸ்டர் தேவராஜின் குழம்பில் உப்பில்லை என்பதை நம்ப முடியாமல் இன்னொரு வாய் வைத்தேன். அண்ணி சட்டென்று எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "பிரஷர்னு டாக்டர் உப்ப கொறைக்க சொன்னாரு கலா, அதான்" என்றாள். அண்ணன் தலை நிமிரவில்லை.

கை கழுவும்போது அண்ணி பேச்சை மாற்றினாள். "இன்னாய்யா, உன் தங்கச்சி அங்க பன்னிய நெருப்புல வாட்டுறாளாம். லெட்டர்ல எழுதிகினே இருந்தா."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "யாரு, இவளா? வெந்நீர தீய வெச்சவளா? ஸ்டன்ட் ஆளுங்களுக்கு நான் பன்னி வறுவல் போட்டுகீறேன், எனக்குத் தெரியும் அது கஷ்டம். எங்க, செஞ்சு காட்டச் சொல்லு."

"சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னானே தவிர, என்னைப் பார்த்துத்தான் சொன்னான். எனக்கு அது போதும்.

4

மயிலாப்பூர் சந்தில் பன்றி சுட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டார்கள் என்பதால் அடையாறு மொட்டை மாடி என்று முடிவானது. முதலில் சுடுவதற்குக் கம்பித் தட்டி வேண்டும். ராயப்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு நானும் அண்ணனும் நிலாவும் ஆட்டோவில் போனோம்.

"கிரில் வேணும்" என்றேன்.

பட்டறைக்காரர் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஜன்னலுக்கா, கேட்டுக்கா?" என்றார்.

"கறிக்கு."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்தான்.

"கறிக்குன்னா இன்னா டிசைன் போடறது மேடம்? மயில் கீது, தாமரை கீது. கறிக்குத் தாமரை ஷோக்கா இருக்கும்."

பெயின்ட் அடிக்காத, யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஜன்னல் துண்டு ஒன்று தாமரை டிசைனில் கிடைத்தது. ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "படிச்சு மூணு ஃபாரின் சர்டிபிகேட் வாங்குனவ, கடைசில ஜன்னல பேத்துகினு போறா பாரு" என்று ஆட்டோக்காரரிடம் முறையிட்டான்.

கறி, அதே பேட்டையில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் கடையில். கடைக்காரர் வயதானவர், ஐஸ் பெட்டியிலிருந்து பன்றியின் விலாப்பகுதியை எடுத்து, நான் கேட்டபடி விரல் தடிமனில் எலும்போடு வெட்டிக் கொடுத்தார். நிலா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். எதை வாங்கினாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக நான் அவளுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்திருந்தேன். காலையிலிருந்து பன்றி, பன்றி என்ற வார்த்தையும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவரை நேராகப் பார்த்து, கை கூப்பி, "பன்றி அங்கிள்!" என்றாள்.

அவர் குழந்தைக்குச் சந்தேகம் என்று நினைத்துக்கொண்டார். "ஆமா பாப்பா, பன்னிதான். இன்னிக்கு வந்தது, ஃப்ரெஷ்" என்றார்.

5

அன்று சாயங்காலம் மாடியில் செங்கல்லை இரண்டு பக்கமும் அடுக்கி, இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரியைக் கொட்டாங்கச்சி வைத்துப் பற்றவைத்தோம். மேலே தாமரை. கறியை மதியமே ஊற வைத்திருந்தேன். கரி வெளுத்துச் சாம்பல் பூத்ததும் துண்டங்களை அடுக்கினேன். அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், அண்ணி சுவரோரமாக. நான் இடுக்கியை நீட்டியபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டான்.

"சத்தம் கேளு. தண்ணி சத்தம் போயி எண்ணெ சத்தம் வரணும். அப்பால திருப்பு."

பாட்ரிக் சொல்லிக்கொடுக்காத கணக்கு அது. காதை வைத்துக் கேட்டேன். உண்மையாகவே சத்தம் மாறியது.

கடைசியில் தடவ வேண்டிய இனிப்புச் சாற்றைக் கீழே சமையலறையில் காய்ச்சி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தேன். சோயா சாஸ், இஞ்சிச்சாறு, எலுமிச்சை, நாலு பெரிய கரண்டி சர்க்கரை. மாஸ்டர் முதலில் பார்க்கட்டும் என்று மரியாதைக்கு அண்ணனிடம் கரண்டியை நீட்டினேன். அவன் நக்கிப் பார்த்துக் கண்ணை மூடினான்.

"தேன் மாரி கீது. இனிப்பு கரெக்ட்டு."

அதே நேரம் நிலாவும் கிண்ணத்தில் விரலை விட்டு வாயில் வைத்தாள். அடுத்த நொடி கைப்பிடிச் சுவருக்கு ஓடித் துப்பினாள். "அம்மா, உப்பு! கடல் தண்ணி!"

"எனக்கும் இனிப்பாத்தான் கீது" என்றாள் அண்ணி. அவள் கிண்ணத்தைத் தொடவே இல்லை.

நான் தொட்டுப் பார்த்தேன். உப்பு. பழக்கமில்லாத சமையலறையில் ஜாடி மாறி, நாலு பெரிய கரண்டி உப்பைப் போட்டிருக்கிறேன்.

நிலாவுக்குத் தமிழில் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "மாமா, ஏன் பொய் சொல்றீங்க?" என்றாள்.

அண்ணன் கரண்டியைத் தரையில் வைத்தான். யாரையும் பார்க்காமல் கரியை ஒரு குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மீன் குழம்பு ஞாபகம் வந்தது.

"எத்தினி நாளாண்ணா?"

"அம்மா போன ஆறாவது மாசத்துலேந்து. ஒரு ஜுரம் வந்துச்சு. போசொல்ல மூக்கையும் நாக்கையும் கூடவே இஸ்துகினு போயிட்ச்சு. டாக்டருங்க பார்த்தாங்க. வந்தாலும் வரும், வராமயும் போவும்னாங்க. வரல."

"வேல?"

அண்ணிதான் சொன்னாள். "ஊட்ல நான் உப்பு பாப்பேன். நீ வந்த அன்னிக்கி இவரு ரோசத்துல தனியா வெச்சாரு. யூனிட்டுல யாரு பாக்கறது? ஒரு நாளு சாம்பார்ல உப்ப ரெண்டு தபா போட்டுட்டாரு. ஹீரோ தட்ட கடாசிட்டு எழுந்து போயிட்டாரு. இப்ப மாஸ்டர் இல்ல கலா. வேற மாஸ்டர்கிட்ட வெங்காயம் உரிச்சுகினு கீறாரு."

"எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதாண்ணா?"

"எழுதுனா மட்டும்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

மிச்சம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் நான் இத்தனை வருஷம் யாரிடமும், மோகனிடம்கூட, சொல்லாததைச் சொன்னேன். அண்ணியின் கடிதம் வந்த அன்றே நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பாஸ்போர்ட்டை மேஜைமேல் எடுத்தே வைத்தார். இப்போதே கொண்டுபோகலாம், ஆனால் விண்ணப்பத்தை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"பாஸ்போர்ட் மாட்டிக்கலண்ணா. நான்தான் எடுத்துக்கல."

"தெரியும்" என்றான்.

"எப்டி?"

"நீ சின்னதுலேந்து பொய் சொன்னா ரெண்டு தபா சொல்லுவ. அன்னிக்கு போன்ல பாஸ்போட்டு பாஸ்போட்டுன்னு எத்தினி தபா சொன்ன தெரியுமா?"

கரியில் கொழுப்பு சொட்டி ஒரு தழல் எழுந்து அடங்கியது.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டுகினே இருந்துச்சு. வந்துகினு கீறான்னு சொன்னேன். ஏரோப்ளேன்ல ஏறிட்டான்னு சொன்னேன். பக்கத்து பெட்டுக்கெல்லாம் என் பொண்ணு வரான்னு சொல்லிச்சு." கையிலிருந்த குச்சியைக் கரிக்குள் போட்டான். "நீ வரலன்னு கூட கோவம் இல்ல கலா. அவ்ளோ தூரம், எனக்குப் புரியும். கடைசி வார்த்தையா அம்மாகிட்ட என்னிய பொய் சொல்ல வெச்சுட்ட பாரு, அதான்."

நான் அழுதேன். அண்ணியும் அழுதாள். நிலா பயந்துபோய் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன்தான் முதலில் சுதாரித்தான்.

"கறிய திருப்பு மொதல்ல. எண்ணெ சத்தம் வந்து எவ்ளோ நேரமாச்சு. அழுதுகினே தீய வெச்சுடுவ போலகீதே!"

தாமரை இதழ் பாதி பாதியாகக் கறியில் கறுப்புக் கோடாகப் பதிந்திருந்தது. கருகவில்லை. தணல் குறைந்த ஓரத்துக்குத் தள்ளிவைத்தேன். அண்ணன் என் உப்புக் கடலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, நிலாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனான். கால் மணி நேரம் கழித்து இருவரும் புதுச் சாற்றோடு வந்தார்கள். வெல்லப்பாகு, புளிக்கரைசல், மிளகு, இஞ்சி, கொஞ்சம் சோயா சாஸ். ருசி பார்த்தவள் நிலா. மாடிப்படியில் ஏறும்போதே விசாரணை கேட்டது.

"இப்ப இன்னா தெரிது?"

"புளிப்பு. அப்புறம் இனிப்பு. அப்புறம்... இங்க, தொண்டையில, நெருப்பு."

"அது பேரு காரம். மொதல்ல இனிப்பு வரணும், அப்பால புளிப்பு. இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டா?"

"போட்டா" என்றாள் அவள், அதுதான் பதில் என்று நினைத்து.

அதைத் தடவி, திருப்பி, மறுபடி தடவி எடுத்தபோது கறி பளபளவென்று மின்னியது. எவர்சில்வர் தட்டில் வைத்து அண்ணனிடம் கொடுத்தேன். மெதுவாக மென்றான். நாக்கில் ஏதாவது தெரிகிறதா என்று நாங்கள் மூவரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஓரம் மொறுமொறுன்னு கீது. நடுவுல மெத்துனு கீது. சாறு போவல." எலும்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கடி கடித்தான். "ருசி எனக்குத் தெர்ல. ஆனா சுட்டது சரியா சுட்டுகீற."

எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் அது ஒன்றுதான் செல்லும்.

6

நாங்கள் திரும்பும் வாரத்தில் அண்ணனின் பழைய சிநேகிதரான ஒரு புரொடக்‌ஷன் மேனேஜரிடமிருந்து ஆள் வந்தது. கோடம்பாக்கத்தில் இரண்டு நாள் சின்ன ஷூட்டிங், அறுபது பேர்தான், பேசிவைத்திருந்த மாஸ்டருக்கு அம்மை. அண்ணன் முதலில் முடியாது என்றான். பிறகு அண்ணியிடம், "நாளைக்கு உனுக்கு இன்னா வேல?" என்று கேட்டான்.

மறுநாள் நானும் நிலாவும் வேடிக்கை பார்க்கப் போனோம். ஸ்டுடியோவின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. லைட்மேன்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அண்ணி ஓரமாக, ஒரு ஸ்டூலில், தன்னை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்பது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மறைவாகக் கூப்பிடுவான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான். "வசந்தா! வந்து உப்பு பாரு!"

வரிசையில் முன்னால் நின்ற லைட்மேன் சிரித்தார். "இன்னா மாஸ்டர், உங்களுக்கே டவுட்டா?"

"எனக்கு நாக்கு செத்துப்போச்சு நைனா. ருசி தெர்ல. இனிமே இவ நாக்குதான்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்த லைட்மேன், "எல்லாரு ஊட்லயும் அப்டித்தான் மாஸ்டர், நீங்கதான் வெளிய சொல்றீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான்.

அண்ணி எழுந்து வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கரண்டியில் இருந்ததை உள்ளங்கையில் ஊற்றி, ஊதி, நிதானமாக நாக்கில் வைத்தாள். அறுபது பேர் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

"அரைப் பிடி போடு" என்றாள்.

அண்ணன் போட்டான்.